நோரீன் எடுக்க மறுத்த வரி

நோரீன் மக்வெய் வேலையை விட்டுப் போனபோது கேக் வெட்டவில்லை. எங்கள் ஆபீசில் யார் போனாலும் பெரிய செவ்வகக் கேக் ஒன்று வரும். மேலே நீல க்ரீமில் பெயர் எழுதியிருக்கும், பாதி நேரம் தப்பாக. வருஷம் பூராவும் முகம் கொடுத்துப் பேசாத கணக்குப் பிரிவு ஆட்கள்கூடக் காகிதத் தட்டோடு வந்து நிற்பார்கள். நாற்காலியைத் தேய்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத பயல்களுக்கெல்லாம் நாங்கள் கேக் வெட்டியிருக்கிறோம். நோரீனுக்கு இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடுநிலை கிடுநிலையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கனாட்டா என்கிற கனடியப் புறநகரில், மார்ச் ரோட்டை ஒட்டி நெட்வொர்க் கார்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. கார்டு தனியாக வெறும் தகரம். அதோடு கம்ப்யூட்டர் பேச வேண்டுமென்றால் இயங்குதளத்தின் அடியாழத்தில், கர்னல் என்கிற பகுதிக்குள், அதற்கென்று ஒரு நிரல் இருக்க வேண்டும். அதைத்தான் டிரைவர் என்பார்கள். எங்கள் கார்டின் டிரைவரைப் பார்த்துக்கொண்டவள் நோரீன். நான் வாஸில், சோதனைக்கூடத்தில் கார்டுகளை மாட்டி, அடித்து நொறுக்கிப் பார்க்கிறவன். அவள் மேஜைக்கும் என் கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. அதை அவள் ஒரு நாளும் தட்டியதில்லை. காலால் உதைத்துக்கொண்டு வருவாள், இரண்டு கையிலும் காபி இருக்கும்.

பக்கத்துச் சிற்றூரான ஆர்ன்ப்ரையர்க்காரி. அப்பா அந்த மாவட்டத்தில் பனி வாரும் வண்டி ஓட்டியவர். புருஷன் எண்ணெய் வேலைக்கென்று ஆல்பர்ட்டா போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். அதை அவள் சொல்லும்போது சிரிப்பாள். நமக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கவிட்டு ஆடுகிற கர்லிங் கிளப்பில் அவள்தான் அணித்தலைவி. பனித்தளத்தின் அந்தக் கோடியில் துடைப்பத்தோடு ஓடுகிறவர்களை இந்தக் கோடியிலிருந்து அவள் திட்டுவது வெளியே கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். பட்டர் டார்ட் என்கிற வெண்ணெய்ப் பலகாரம் செய்தால் திராட்சை போட்டுத்தான் செய்வாள். திராட்சை பிடிக்காது என்பவனிடம், "அப்ப எடுத்த டார்ட்டை வெச்சுட்டுப் போ ராசா" என்பாள். ஆண்கள் எல்லோரும் அவளுக்கு ராசாதான், டைரக்டர் உட்பட.

இந்த ஊரில் தொலைத்தொடர்புக் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தபோது எங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக விளக்கை அணைத்தார்கள். நோரீன் தப்பித்தாள். அந்த டிரைவர் கோப்பின் தலையில் அவள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது ஊருக்கே பொதுவான நிரல். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். ஒவ்வொரு திருத்தமும் கர்னல் எழுதுகிறவர்களின் மடலாடற்குழுவுக்குப் போகும். அங்கே அதை யாராவது படித்துவிட்டு, 'பார்த்தேன், சரி' என்று தன் பெயரைப் போட வேண்டும். அந்தப் பெயர் அப்புறம் அழியாது. எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் அதுதான்.

ஒரு ஜனவரியில் நோரீனுக்கு நேராக ஒரு மடல் வந்தது. எழுதியவர் ரேமோன் திபோ. வடக்கே ஒரு சுரங்க ஊரில், ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். அழைப்புகளில் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்று எங்கள் கம்பெனிக்கு இலையுதிர் காலத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாராம். உதவிப் பிரிவு ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலை அனுப்பியிருந்தது: 'எங்கள் கார்டு தவறவிட்ட பாக்கெட்: பூஜ்யம். கேபிளைப் பாருங்கள்.' மனுஷன் கேபிளை மாற்றினார், ஸ்விட்சை மாற்றினார், கடைசியில் வெறுத்துப்போய் டிரைவர் கோப்பைத் திறந்து, தலையில் இருந்த பெயருக்கு எழுதிவிட்டார். கூடவே ஒரு ஒலிப்பதிவும் அனுப்பியிருந்தார்.

நோரீன் கதவை உதைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குக் கையில் காபி இல்லை.

"வாஸில், இதைக் கேளு."

ஒரு பெண்பிள்ளையின் குரல், பதினைந்து பதினாறு வயது இருக்கும். அப்பா சமையலறையில் விழுந்து கிடக்கிறார் என்கிறாள். வீட்டு முகவரியைச் சொல்கிறாள். தெருப் பெயரின் நடுவில் குரல் இல்லை. மறுமுனையில் இருப்பவர், மறுபடி சொல்லம்மா என்கிறார். சொல்கிறாள். இந்தத் தடவை வீட்டு எண் இல்லை. மறுபடி கேட்கிறார். "எத்தனை தடவை சொல்றது! காது கேக்காதா உங்களுக்கு? எங்கப்பா மூச்சு விடல!" என்று கத்துகிறாள். அந்தக் கத்தலிலும் நடுவில் ஒரு துண்டு இல்லை.

"அப்பா பிழைச்சாரா?" என்று கேட்டேன்.

"எழுதல. நான் கேக்கவும் மாட்டேன்" என்றாள் நோரீன். "நம்ம கார்டுதான்னு நினைக்கிறேன். மாட்டு, பார்த்துடலாம்."

குரல் இப்போதெல்லாம் கம்பியில் குரலாகப் போவதில்லை, பொடிப்பொடியான பாக்கெட்டுகளாகப் போகிறது. கோப்பு இறக்குகிறவனுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் கம்ப்யூட்டரே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், அவனுக்குத் தெரியவே தெரியாது. பேச்சு அப்படிக் காத்திருக்காது. தொலைந்தது தொலைந்ததுதான். ஆகவே திபோ மையத்தில் இருந்த அதே பழைய வெர்ஷனை ஏற்றி, கார்டை மாட்டி, பொடிப் பாக்கெட்டுகளை அலை அலையாக அனுப்பினேன். இந்தப் பக்கம் அனுப்பியதை எண்ணினோம், அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததையும் எண்ணினோம். குறைந்தது. டிரைவரைக் கேட்டால், தவறியது பூஜ்யம் என்றது.

"எங்க போச்சாம்? சொர்க்கத்துக்கா?" என்றேன்.

"கார்டையே கேப்போம். இந்தப் பயலை விடு" என்றாள்.

கார்டுக்குள்ளேயே ஒரு எண்ணி இருக்கிறது. பாக்கெட் வருகிறது, இறக்கி வைக்க இடமில்லை, கீழே போடுகிறது என்றால், போட்டதை அது தனக்குத்தானே எண்ணிக்கொள்ளும். டிரைவர் அதைப் படித்து வெளியே சொல்ல வேண்டும். நோரீன் டிரைவரை நம்பாமல் நேராகக் கார்டின் வயிற்றுக்குள் கையை விட்டுப் படித்தாள். அந்த எண் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. கார்டு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டிரைவர்தான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

இடம் ஏன் இல்லாமல் போனது என்பதும் பிடிபட்டது. ஹோட்டலில் பந்தி நடக்கும்போது காலித் தட்டைக் கழுவி உடனுக்குடன் திருப்பி வைக்க வேண்டும். நிறையச் சேரட்டும், ஒரே தடவையாகக் கழுவலாம் என்று இருந்தால் பரிமாறுகிறவன் என்ன செய்வான்? டிரைவர் அப்படித்தான் காலி இடங்களைச் சேர்த்து வைத்து, சாவகாசமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பேச்சு குவிந்தால் கார்டு வேறு வழியில்லாமல் கீழே போட்டது.

ஒரு காலத்தில் இந்த டிரைவர் இப்படி இல்லை என்று நோரீனுக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணியைப் படிக்கும் பகுதியை எழுதியவளே அவள்தான். யார் எடுத்தது என்று வரி வரியாகப் பின்னோக்கிப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு குறையும் ஒரே மாற்றத்தில் வந்திருந்தன. மாற்றத்துக்குத் தலைப்பு, 'சுத்தப்படுத்தல்'. எழுதியவர், ப்ரென்ட் விட்டேக்கர். 'பயனர்களைக் குழப்பும் தேவையற்ற எண் நீக்கப்பட்டது' என்று கீழே ஒரு விளக்கம். அதற்கும் கீழே: 'பார்த்தேன், சரி. நோரீன் மக்வெய்.'

அவள் திரையில் தன் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். சுத்தப்படுத்தல் என்று ஒரு திருத்தம் வந்தால் யாரும் அதை முழுசாகப் படிப்பதில்லை. இடைவெளியைச் சரிசெய்திருப்பான், குறிப்பில் எழுத்துப் பிழையைத் திருத்தியிருப்பான், அவ்வளவுதான் என்று தலையை ஆட்டிவிடுவோம். புதுசாக ஏதாவது செய்கிறேன் என்று வந்தால்தான் எலும்பை எண்ணுவோம். நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அது வந்ததாம். ப்ரென்ட் அப்போது எங்களோடு ஒருத்தன், அடுத்த நாற்காலிக்காரன். நோரீன் முதல் பாதியைப் படித்தாள், உண்மையிலேயே இடைவெளிகள்தான். பெயரைப் போட்டுவிட்டு விடுமுறைக் குடிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

ப்ரென்ட் ஏன் அந்த எண்ணை எடுத்தான் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உதவிப் பிரிவுக்கு வரும் புகார்கள் குறைய வேண்டும் என்று அந்த வருஷம் மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். குறைந்தன. எண்ணைப் பார்த்தால்தானே ஒருவன் போன் செய்வான்? அந்தச் சாதனையின் மேல் ஏறி நின்றுதான் அவன் டைரக்டர் ஆனான்.

திருத்தம் எழுத நோரீனுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. காலி இடத்தை உடனே திருப்பிக் கொடு, கார்டின் எண்ணைப் படித்து உள்ளதைச் சொல், அவ்வளவுதான். என் கூடத்தில் போட்டு அடித்தேன். அப்போதும் கூட்டம் மிதமிஞ்சும்போது ஒன்றிரண்டு விழுந்தன. அது எந்தக் கார்டிலும் உண்டு, காதுக்குத் தெரியாது. பேச்சு முழுசாக வந்தது. அனுப்பும் முன் ப்ரென்டிடம் காட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. அவன் என் கூடத்துக்கே வந்தான், கதவைச் சாத்திக்கொண்டு.

"நல்லா பண்ணியிருக்கீங்க நோரீன். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு அனுப்பிடுங்க."

எந்த வரி என்று நான் எட்டிப் பார்த்தேன். பழுதைச் சரிசெய்கிறவர்கள், எந்த மாற்றம் அந்தப் பழுதைக் கொண்டுவந்தது என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது கர்னல்காரர்கள் வழக்கம். ப்ரென்டின் அந்தச் 'சுத்தப்படுத்தல்' அதில் தலைப்போடு இருந்தது.

"அது எப்படி எடுக்கறது?" என்றாள் நோரீன். "அந்த வரியைப் பார்த்துத்தானே பழைய வெர்ஷனுக்கெல்லாம் இதைக் கொண்டுபோவாங்க? அது இல்லன்னா புது வெர்ஷனோட நின்னுடும்."

"நிக்கட்டுமே. அவங்க புதுசுக்கு மாறிக்கட்டும்."

"ஆம்புலன்ஸ்காரன் எப்ப ராசா மாறுவான்? ஒரு வெர்ஷனை ஏத்தினா அது செத்தாத்தான் அடுத்தது."

"நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். கீழ உங்க பேரும் இருக்கு. ஊர் முழுக்கப் படிக்கும்."

"படிக்கட்டும்."

"என்னைக் கவுக்கணும்னே பண்றீங்களா?"

"உன்னைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல ப்ரென்ட்" என்றாள். "அதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கு போல."

அவன் முகம் கர்லிங் கல் மாதிரி ஆனது. என்னைப் பார்த்தான். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க" என்று குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தன் திரையில நம்பரைப் பார்த்தா பயப்படுவான். பூஜ்யத்தைப் பார்த்தா நிம்மதியா வீட்டுக்குப் போவான். நாம விக்கறது அந்த நிம்மதியைத்தான்."

"நான் கார்டு விக்கறதா நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் நோரீன்.

அன்று மத்தியானமே அனுப்பிவிட்டாள். வரியை எடுக்கவில்லை. அதற்கு மேலே இன்னொன்றும் சேர்த்திருந்தாள்: 'அந்த மாற்றத்தைச் சரி என்று சொன்னவள் நான். முழுதாகப் படிக்காமல் சொன்னேன்.' மடலாடற்குழுவில் பொறுப்பாளரிடமிருந்து 'ஏற்கப்பட்டது, நன்றி' என்று பதில் வந்தது. அங்கே அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். சில நாளில் பழைய வெர்ஷன்கள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. நோரீன் திபோவுக்கு எழுதினாள், அடுத்த மாத அப்டேட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்று. அந்த வாரம் டார்ட் இரண்டு தட்டு வந்தது.

பனி உருகத் தொடங்கிய சமயம் அவளை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். 'அந்தப் பணியிடம் இனித் தேவைப்படவில்லை' என்றார்களாம். அவளைச் சொல்லவில்லையாம், பணியிடத்தைத்தான் சொன்னார்களாம். மேஜையிலிருந்ததைப் பெட்டியில் போட ஒரு காவலாளி கூடவே நின்றான், அவள் ஸ்டேப்ளரைத் திருடிவிடுவாள் என்பது போல. கர்லிங் கோப்பை ஒன்றைக் கடைசியாக வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். நான் கதவைத் திறந்துவிடப் போனேன்.

"பரவால்ல வாஸில், காலாலயே திறப்பேன்" என்றாள். உதைக்கவும் செய்தாள்.

வருத்தமாகவா இருந்தது? வயிறு எரிந்தது. அந்த மாதமே டிரைவர் கோப்புக்கு ஒரு திருத்தம் போனது: தலையிலிருந்து நோரீனின் பெயரை எடுத்து ப்ரென்ட் விட்டேக்கர் என்று போட்டார்கள். தலைப்பு என்ன தெரியுமா? சுத்தப்படுத்தல். எவனோ ஒருத்தன், 'பார்த்தேன், சரி' என்று பெயரும் போட்டிருந்தான்.

சரி, போகட்டும், அந்த ஊரில் குரலாவது ஒழுங்காகக் கேட்கிறதே என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஜூனில் திபோவிடமிருந்து மடல் வந்தது. இந்தத் தடவை கோப்பின் தலையில் இருந்த புதுப் பெயருக்கு எழுதியிருந்தார். ப்ரென்ட் அதை எங்கள் எல்லோருக்கும் அனுப்பி, மேலே ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தான்: 'பார்த்தீர்களா?'

திபோ எழுதியிருந்தது இது: அப்டேட் போட்டதிலிருந்து எங்கள் திரையில் தவறிய பாக்கெட் என்று ஒரு எண் சிவப்பாக வருகிறது. இதற்கு முன் எப்போதும் பூஜ்யம்தான். எங்கள் மையத்தின் தலைவர் மிகவும் கவலைப்பட்டார். ஆகவே பழைய டிரைவருக்கே திரும்பிவிட்டோம். இப்போது மறுபடி பூஜ்யம் காட்டுகிறது. தயவுசெய்து உங்கள் திருத்தத்தைச் சரிசெய்யவும். இவ்வளவுதான் மடல்.

அன்று வேலை முடிந்ததும் நேராக ஆர்ன்ப்ரையருக்கு ஓட்டினேன். நோரீன் பின்கட்டில் குளிர்கால டயர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலை எதுவும் கிடைக்கவில்லை. அந்த வயதில், அந்த ஊரில், கிடைக்கவும் கிடைக்காது. மடலைப் படித்துக் காட்டினேன். ரப்பர் கையுறையோடு அப்படியே நின்றாள்.

"குரல் எப்படி இருந்துச்சாம்?"

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதல."

"எழுதலயா?"

கையுறையைக் கழற்றிவிட்டுத் திபோவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். மனுஷன் அவள் பெயரைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். அவள் வேலையில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

"ரேமோன், அப்டேட் போட்டிருந்தப்ப குரல் அறுந்துச்சா?"

"அறுந்து போகலயே. ஒரு புகார்கூட வரல. தெளிவா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"அந்த நம்பர், நோரீன். சிவப்பா நிக்குது. தலைவர் வந்து வந்து பார்க்கறார். முன்னாடி பூஜ்யமா இருந்துச்சே, நீ என்னத்தக் கெடுத்தேன்னு என்னைக் கேக்கறார்."

"முன்னாடியும் விழுந்துச்சு. இதைவிட நூறு மடங்கு விழுந்துச்சு. சொல்லாம இருந்துச்சு, அவ்வளவுதான்."

"புரியுது. எனக்குப் புரியுது. அவருக்கு எப்படிப் புரியவைக்கறது? பூஜ்யத்தைவிட நல்ல நம்பர் ஒண்ணு இருக்கான்னு கேப்பார்."

"அந்தப் பொண்ணோட ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"போட்டேன்" என்றார் திபோ. "அந்தப் பொண்ணு பதட்டத்துல சரியாப் பேசலங்கறார்."

நோரீன் போனை வைத்துவிட்டாள். உட்காரவில்லை, அழவில்லை, ப்ரென்டைத் திட்டவும் இல்லை. அவள் சார்பில் நான் திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம். அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த டயரை உருட்டினாள்.

"இப்ப யாராவது அங்க போன் பண்ணிக்கிட்டிருப்பாங்க" என்றாள். "மறுமுனையில திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டிருப்பாங்க."

அவள் குழாயைத் திருகினாள்.